சிவிக்கின் முன் பிரேக்குக்கு ரப்பர் கிட், ஒயில், பெட், ஹோஸ்: மலையகப் பாதையில் எது உழைக்கும்?

ஈஜி6 அல்லது ஈகே4 என்ற மாதிரிக் குறியீடுள்ள ஹொண்டா சிவிக் ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தி வேலை தொடங்குகிறவர்கள் முதலில் விலை கேட்பது எக்ஸோஸ்ட்டுக்கும் கொயில்ஓவர் சஸ்பென்ஷனுக்கும்தான். பிரேக் பக்கம் வந்தால் நாலு பிஸ்டன் போட்ட சிவப்புக் கலிப்பரில், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், கண் போகும். கொழும்பில் ஓடும் வண்டிக்கு அந்த வரிசை எப்படியும் இருக்கட்டும். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஓடப்போகிற வண்டிக்கு முதலில் வாங்கவேண்டியது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பொதி: முன் கலிப்பரின் ரப்பர் கிட். அதோடு ஒரு லீற்றர் பிரேக் ஒயில், டிஸ்க்கை உரசி நிறுத்தும் ஒரு செட் பெட், கலிப்பருக்கு ஒயில் கொண்டுபோகும் இரண்டு முன் ஹோஸ். இந்த நாலு சாமானும் எப்படி, எதில் காசு போடலாம், எதில் போடத் தேவையில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்குச் சின்னக் கணக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏ5 வீதியில் லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை வழியே கம்பளைக்கு இறங்கினால் ஏறத்தாழ 1400 மீற்றர் குறைகிறது. ஆளோடு சேர்த்து 1150 கிலோ வரும் சிவிக் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் ஆற்றல் 15.8 மெகாஜூல். அதே வண்டியை 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரு தடவை முழுதாக நிறுத்த 0.44 மெகாஜூல் போதும். அப்படிப் பார்த்தால் ஒரே இறக்கத்தில் 35 தடவை நூறிலிருந்து பூச்சியத்துக்கு நிறுத்துவதற்குச் சமமான சூடு. டயரும் காற்றும் என்ஜின் பிரேக்கும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் பிரேக்குக்கு, அதிலும் பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டுக்கும் போகிறது.

இந்தச் சிவிக்குகளின் பி16ஏ என்ஜினின் 170 குதிரைவலுவைப் பற்றிப் பேசாதவர் இல்லை. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்து 101 கிலோபாஸ்கலுக்குப் பதிலாக 81 அளவில்தான் இருக்கிறது. டேர்போ இல்லாத அந்த என்ஜின் அங்கே ஐந்தில் ஒரு பங்கு மூச்சை இழக்கிறது. வண்டியின் எடை மட்டும் ஒரு கிலோவும் குறைவதில்லை.

முதலில் ரப்பர் கிட். ஜப்பான் பெயர்களில் இங்கே அதிகம் கைக்குக் கிடைப்பவை சேய்க்கன், மியாக்கோ இரண்டும். இரண்டுமே பிரேக் ரப்பருக்கென்றே பெயர் எடுத்தவை, இரண்டில் எது கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். பொதிக்குள் பிஸ்டன் சீல், தூசு மறைக்கும் பூட், கிட்டைப் பொறுத்து ஸ்லைட் பின்னுக்கான (கலிப்பர் பக்கவாட்டில் நழுவும் ஊசிக்கான) பூட், சிறு கிரீஸ் பை ஆகியவையும் இருக்கும். பெயர் இல்லாத பொலித்தீன் பை கிட்டும் அதே கடையில் தொங்கும். அதை வாங்கவேண்டாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சீலின் விளிம்பு கூராக வெட்டப்படாமல் மழுங்கியிருந்தால் அது செய்யவேண்டிய வேலையைச் செய்யாது.

அந்த வேலை என்ன என்று தெரிந்தால்தான் இந்தச் சின்ன ரப்பர் வளையத்தின் மதிப்புப் புரியும். சீலை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாதாரண ஓ-ரிங் போல அதன் குறுக்கு வெட்டு வட்டமாக இல்லை, சதுரமாக இருக்கும். கலிப்பரின் காடிக்குள் (வெட்டிய பள்ளத்துக்குள்) உட்கார்ந்து பிஸ்டனை இறுக்கிப் பிடித்திருக்கும். பெடலை மிதித்ததும் பிஸ்டன் முன்னே நகரும். சீலின் உள் விளிம்பும் பிஸ்டனோடு சேர்ந்து இழுபட்டுச் சரியும். காலை எடுத்ததும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், திரும்பும்போது பிஸ்டனையும் தலைமயிர் அளவு பின்னுக்கு இழுத்துவிடும். முன் பிரேக்கில் பெட்டை டிஸ்க்கிலிருந்து விடுவிக்க வேறு ஸ்பிரிங் எதுவும் இல்லை. இந்த ரப்பர்தான் ஸ்பிரிங்.

ஈஜி6 1991 முதல் 1995 வரையும், ஈகே4 1995 முதல் 2000 வரையும் வந்த வண்டிகள். ஒரு தடவையும் மாற்றாத சீல் என்றால் அதற்கு இன்று கால் நூற்றாண்டுக்கு மேல் வயது. அது இறுகிப்போய் இழுக்கும் குணத்தை இழந்திருக்கும். பெட் எந்நேரமும் டிஸ்க்கில் உரசும். மட்டமான பாதையில் கொஞ்சம் பெற்றோல் கூடுதலாகப் போவதோடு முடிந்துவிடும். றம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, இரண்டு மிதிக்கு இடையில் ஆறவேண்டிய டிஸ்க் ஆறாது. ஒயில் கொதிக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

வாங்கும்போது "சிவிக் கிட்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே ஈகே உடம்பில் வெவ்வேறு அளவு கலிப்பர் வந்திருக்கிறது. முந்திய உரிமையாளர் வேறு வண்டியின் கலிப்பரையும் மாட்டியிருக்கக்கூடும். பிஸ்டன் விட்டத்தை வேர்னியரால் அளந்து, சேஸி நம்பர் தகட்டையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கண்டிக் கடைகளிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் இந்த இரண்டையும் காட்டினால் சரியான பெட்டி வரும். பொதியைக் கடையிலேயே திறந்து, சீலைப் பழைய பிஸ்டன் மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

கலிப்பரைத் திறப்பது கடினமில்லை, ஒழுங்கு தவறினால்தான் வினை. வண்டியை ஜெக்கில் விட்டு வேலை செய்யவேண்டாம். ஸ்டாண்ட் வையுங்கள், பின் சக்கரத்துக்குக் கட்டையும் போடுங்கள். மலையக வீட்டு முற்றங்களில் முழு மட்டமானவை குறைவு என்பதால் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே, கலிப்பரை பிராக்கெட்டிலிருந்து எடுத்து, பிஸ்டனுக்கு எதிரே ஒரு பலகைத் துண்டை வைத்து, பெடலை மெதுவாக மிதித்துப் பிஸ்டனை வெளியே தள்ளுங்கள். ஒயிலின் அழுத்தமே அழகாகத் தள்ளிக் கொடுக்கும். கழற்றிய பிறகு கம்ப்ரஸர் காற்றை அடித்தால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும், விரல் இடையில் இருந்தால் விரல் போய்விடும்.

பிஸ்டன் வெளியே வந்ததும் அதன் பக்கங்களை நகத்தால் வருடிப் பாருங்கள். சீல் உட்காரும் பகுதியில் குரோம் உரிந்தோ குழி விழுந்தோ நகம் தடுக்கினால் பிஸ்டனையும் மாற்றவேண்டும். அதன் மேல் புது சீல் போடுவது காசைக் கரைப்பது. வெறும் கறை என்றால் 1500 நம்பர் தண்ணீர்த்தாளில் பிரேக் ஒயில் தொட்டு, சுற்றுவாக்கில் மென்மையாகத் தேயுங்கள். நீளவாக்கில் தேய்க்கவே கூடாது. அந்தக் கோடுகள் வழியே ஒயில் கசியும்.

பழைய சீலை எடுத்தபின் காடிக்குள் பாருங்கள். மலையகத்து வண்டிகளில் கிட்டத்தட்ட எப்போதும் அங்கே கபில நிறத்தில் கெட்டியாக ஒரு படிவு இருக்கும். ஒயில் உறிஞ்சிய ஈரத்தால் வந்த துரு அது. அந்தப் படிவை விட்டுவிட்டுப் புது சீலைப் போட்டால் சீல் உள்ளிருந்து நெருக்கப்பட்டுப் பிஸ்டனை இறுக்கும். "கிட் மாற்றியும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது" என்ற முறைப்பாட்டுக்குப் பாதிக்கு மேல் காரணம் இதுதான், கிட் மேல் பழி இல்லை. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவிச் சுரண்டுங்கள், அல்லது பித்தளைக் கம்பி. ஸ்க்ரூ டிரைவர் போட்டால் காடியின் ஓரத்தில் கீறல் விழும்.

கழுவுவதற்கு பிரேக் கிளீனர், இல்லையென்றால் மெதிலேட்டட் ஸ்பிரிட். பெற்றோல், மண்ணெண்ணெய் இரண்டையும் தொடவே கூடாது. கராஜில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் பலமாக வேரூன்றிவிட்டது. பிரேக் ரப்பர் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வகை. கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துவிடும். காடியில் மிஞ்சிய ஒரு துளி போதும், ஒரு மாதத்தில் புது சீல் பிஸ்டனைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்துக்காக ஸ்லைட் பின்னுக்குப் பொது மஞ்சள் கிரீஸும் ஆகாது. சிலிக்கோன் கிரீஸோ கிட்டோடு வரும் ரப்பர் கிரீஸோதான் போடவேண்டும். ஹொண்டாவில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒரே மாதிரி இல்லாமல் இருக்கும், கழற்றும்போதே எது எங்கே என்று குறித்து வையுங்கள்.

புது சீலில் சுத்தமான பிரேக் ஒயிலைத் தடவிக் காடியில் உட்காரவைத்து, விரல் நுனியால் ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். எங்காவது முறுக்கு இருந்தால் விரலுக்கு மேடாகத் தெரியும். தூசு மறைக்கும் அந்தப் பூட்டை முதலில் பிஸ்டனின் உள்முனையில் மாட்டி, அதன் வெளி உதட்டைக் கலிப்பரின் காடியில் பதித்து, பிறகு பிஸ்டனை இரண்டு பெருவிரலால் நேராக அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போகவேண்டும். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் சீல் புரண்டிருக்கிறது, வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். பூட்டும்போது ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கச் செப்பு வாஷரும் புதிதாக இருக்கவேண்டும். ஹோஸ் போல்ட் 34 நியூட்டன் மீற்றர், பிராக்கெட் போல்ட் 108, எயார் நிப்பிள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) 9, வீல் நட் 108. நிப்பிளுக்குப் பலத்தைக் காட்டவேண்டாம், பழைய நிப்பிள் கலிப்பருக்குள்ளேயே முறியும்.

விலைக்கும் பலனுக்கும் பார்த்தால் இந்த நாலில் ரப்பர் கிட்டுக்குத்தான் முதலிடம். இரண்டு முன் கலிப்பரையும் ஒருநாளில் முடிக்கலாம்.

பின் டிஸ்க் கலிப்பருக்கு அந்தச் சிபாரிசு இல்லை. அதற்குள் ஹேண்ட்பிரேக் பொறிமுறை இருக்கிறது. பிஸ்டனை அழுத்தினால் உள்ளே போகாது, வலஞ்சுழியாகத் திருகவேண்டும். அழுத்திப் பார்த்தே பலர் உள்ளே உடைத்திருக்கிறார்கள். திருகி வெளியே எடுத்துச் சீலும் பூட்டும் மாற்றுவது வீட்டில் முடியும். அதற்கு அப்பால் உள் ஸ்பிரிங்கைக் கழற்ற விசேட கருவி வேண்டும். ஹேண்ட்பிரேக் தண்டிலேயே ஒயில் கசிகிறது என்றால் நல்ல ரீகண்டிஷன் கலிப்பர் வாங்குவதே மேல். திரும்பப் பூட்டும்போது பிஸ்டன் முகத்திலுள்ள வெட்டு, பெட்டின் பின்னால் உள்ள முளைக்கு நேராக வரவேண்டும். வராவிட்டால் பெட் சரிவாகத் தேயும். மழைக்காலத்தில் ஈர வண்டியை இரவில் ஹேண்ட்பிரேக் இழுக்காமல், கியரில் போட்டு சக்கரத்துக்குக் கல் வைத்தால் பின் பெட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளாது.

அடுத்தது ஒயில். பெட்டியில் போட்டிருக்கும் டொட் எண்ணின் பொருள் இது: டொட் 3 உலர்ந்த நிலையில் குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்கவேண்டும், ஈரம் சேர்ந்தபின் 140. டொட் 4 என்றால் 230, 155. டொட் 5.1 என்றால் 260, 180. இதில் ஈரம் சேர்ந்தது என்பது 3.7 வீதம் தண்ணீர் கலந்த நிலை. மூன்றும் கிளைக்கோல் சார்ந்தவை, காற்றில் உள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சும். பனிமூட்டமும் மழையும் மாறி மாறி நிற்கும் நானுஓயா, தலவாக்கலைப் பக்கம் நீங்கள் நம்பவேண்டியது ஈரம் சேர்ந்தபின் உள்ள அந்த இரண்டாவது எண்ணைத்தான். டொட் 5 என்று மட்டும் இருந்தால் அது சிலிக்கோன், இந்த வண்டியில் ஊற்றவே கூடாது.

மொட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஒயில் 312 பாகை வரை தாங்கும். நல்ல சாமான்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை வாங்கி மூன்று வருடம் விட்டுவைப்பதைவிட சாதாரண டொட் 4 வாங்கி வருடா வருடம் மாற்றுவது மலையகத்துக்குப் பொருந்தும். திறந்த போத்தலில் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கென்று அலுமாரியில் வைக்கவேண்டாம். அரை லீற்றர் போத்தல் இரண்டாக வாங்கினால், பழையது முழுவதும் வெளியேறி நிறம் தெளியும்வரை போதும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துணியால் துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

எயார் எடுப்பதில், அதாவது குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியேற்றுவதில், மூன்று இடத்தில் கவனம் வேண்டும். கலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வரும். ஒரு வாளி ஒயில் ஊற்றினாலும் மேலே நிற்கும் காற்று வெளியேறாது, ஆகவே பூட்டியதும் நிப்பிள் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பெடலைத் தரைவரை மிதிக்கவேண்டாம். பெடலின் பின்னாலிருந்து ஒயிலை அழுத்தும் பழைய மாஸ்டர் பம்பில், வழக்கமாக அதன் கப் ரப்பர் போகாத ஆழத்தில் துரு இருக்கும், அதில் உரசினால் கப் கிழியும். பெடலுக்குக் கீழே ஓர் அங்குலப் பலகைத் துண்டு வைத்தால் போதும். எயார் எடுத்த மறுநாள் மாஸ்டர் பம்ப் போய்விட்டது என்று சொல்கிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது வரிசை. சிவிக்கில் பிரேக் குழாய் குறுக்காகப் பிரிந்திருக்கிறது: ஒரு பின் சக்கரமும் அதன் எதிர்மூலை முன் சக்கரமும் ஒரு சுற்று. அந்தச் சோடியாகவே எடுங்கள்.

பெட் வாங்கும்போது அட்டையில் உள்ள படத்தைப் பார்க்காமல் பெட்டின் விளிம்பை அல்லது பின்தகட்டைப் பாருங்கள். தயாரிப்பாளர் குறியீட்டுக்குக் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜீ என்றால் 0.45 முதல் 0.55. இறக்கப் பாதைக்குக் குறைந்தது எஃப் எஃப். ஜீ ஈ போல இரண்டாவது எழுத்து கீழிறங்கும் பெட், கடை வாசலில் நன்றாகக் கடிக்கும், புசல்லாவை வருமுன் கைவிடும். எழுத்தே இல்லாத பெட்டை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. முழு ரேஸ் பெட் சூடேறிய பின்புதான் பிடிக்கும். நுவரெலியாவில் தை மாத விடியலில் புல்லில் உறைபனி விழும் நாட்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் வீட்டு வாசலிலிருந்து முதல் வளைவுக்குப் போகும்போது குளிர்ந்த ரேஸ் பெட் கல்லைப் போல வழுக்கும். நுவரெலியா மகாகஸ்தொட்ட கார் மலையேற்றப் போட்டிக்குத் தயாரித்த வண்டியைப் பார்த்து வீட்டு வண்டிக்குச் சாமான் தெரிவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அது ஏறும் போட்டி, தூரமும் குறைவு. அங்கே பிரேக்குக்குக் கிடைக்கும் வேலைக்கும் எல்ல - வெல்லவாய ஏ23 இறக்கத்தில் கிடைக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. நல்ல பெயருள்ள செமி மெட்டாலிக் (உலோகம் கலந்த) தெரு பெட்தான் எங்கள் தெரிவு. கொஞ்சம் தூசு விழும், காலையில் ஒன்றிரண்டு தடவை கீச்சிடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 262 மி.மீ முன் டிஸ்க் புதிதாக 21 மி.மீ தடிப்பம், 19க்குக் கீழே போனால் லேத்துக்குக் கொண்டுபோகாமல் மாற்றுங்கள். பெடல் அதிர்ந்தால் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று முடிவுகட்டுமுன் ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருப்போகத் தேய்த்துவிட்டு மறுபடி பூட்டுங்கள். சுழலும் டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டம் 0.10 மி.மீக்குள் இருக்கவேண்டும், ஹப்பில் ஒட்டிய ஒரு துருச் செதில் அதைத் தாண்டப் போதும்.

ஹோஸ் விடயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. கம்பி பின்னிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் பெடலைக் கெட்டியாக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கெட்டியில் பெரும்பங்கு, பழைய ஹோஸ் போய்ப் புது ஹோஸ் வந்ததால் வருவது. புது ரப்பர் ஹோஸும் ஏறத்தாழ அங்கே கொண்டுவந்துவிடும், விலையோ நன்றாகக் குறைவு. பின்னல் ஹோஸ் வாங்குவதானால் எஃப்எம்விஎஸ்எஸ் 106 என்ற அமெரிக்கத் தரக்குறி உள்ளதையும், மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதையும் வாங்குங்கள். உறை இல்லாத கம்பிக்குள் தோட்டப் பாதைச் சேறும் மணலும் புகுந்து உள்குழாயை அரம் போல அராவும். பூட்டியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, சக்கரம் தொங்கும்போதும் இறங்கியபின்னும் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கினால் ஒயில் போகும், திரும்பி வராது. அதனால் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டு நின்றால் குற்றவாளியை இப்படிக் கண்டுபிடிக்கலாம். அந்தக் கலிப்பர் நிப்பிளைத் திறவுங்கள். ஒயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் மேலே எங்கோ அடைபட்டிருக்கிறது. விடுபடாவிட்டால் பிஸ்டன் அல்லது ஸ்லைட் பின். அழுத்தம்தான் என்றால், மறுபடி பிடித்தபின் ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அதில் விடுபட்டால் மாஸ்டர் பம்ப், விடுபடாவிட்டால் ஹோஸ். மாஸ்டர் பம்ப் என்று வந்தால் மாற்றுமுன் பெடலின் விளையாட்டை, அதாவது பம்பைத் தொடுமுன் சும்மா நகரும் தூரத்தை அளவிடுங்கள்: 1 முதல் 5 மி.மீ வேண்டும். யாராவது பெடலிலிருந்து தள்ளும் தண்டை நீட்டி அந்த இடைவெளியை இல்லாமல் ஆக்கியிருந்தால், ஒயில் சூடாகி விரியும்போது திரும்பிப்போக வழி இல்லாமல் பிரேக் தானாகப் பிடிக்கும்.

உயரத்தில் மட்டும் தெரியும் இன்னொரு விடயம், பெடலை மிதிக்கும் காலுக்குத் துணைசெய்யும் பூஸ்டர். அது வேலை செய்வது வெளிக்காற்றுக்கும் என்ஜினுக்குக் காற்றுப் போகும் மனிஃபோல்ட்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தில். என்ஜின் பிரேக்கில் மனிஃபோல்ட் 25 கிலோபாஸ்கல் என்று வைத்தால், கடல் மட்டத்தில் வித்தியாசம் 76, நுவரெலியாவில் 56. பூஸ்டர் தரக்கூடிய உச்ச உதவியில் கால் பங்கு போய்விடுகிறது. கொழும்பில் சரியாக இருந்த பெடல் மேலே வந்து பலமாக மிதிக்கும்போது கட்டையாகத் தெரிவது இதனால். வால்வைத் திறக்கும் பெரிய கேம் தண்டு போட்ட என்ஜினில் ஐட்லிங் வெற்றிடம் இன்னும் குறையும். பூஸ்டர் குழாயும் அதிலுள்ள ஒருவழி வால்வும் அதனால்தான் முக்கியம். என்ஜினை நிறுத்தி நாலைந்து தடவை மிதித்து, காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நல்லது.

இனி அந்த நாலு பிஸ்டன் கலிப்பர். பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் அதே மாஸ்டர் பம்ப் அதிக தூரம் தள்ளவேண்டும், பெடல் நீளும். அதைச் சரிக்கட்டப் பெரிய மாஸ்டர் பம்ப் போட்டால் பெடலுக்கு அதிக பலம் வேண்டும், பூஸ்டரோ மேலே ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. முன்பக்கப் பிடி மட்டும் கூடி, ஈரப் பாதையில் முன் சக்கரம் சீக்கிரம் லொக் ஆகும். 262 மி.மீ டிஸ்க்குக்கே 14 அங்குல வீல் வேண்டும், அதைவிடப் பெரியதுக்கு வீலும் டயரும் சேர்த்து மாற்றவேண்டிவரும். சின்ன முன் டிஸ்க்கோடு வந்த ஈகே3 வைத்திருப்பவர் ஈகே4இன் 262 மி.மீ செட்டை முழுதாக மாற்றுவது நல்ல வேலை, அதை மனமார ஆதரிக்கிறோம். அதற்கு மேலே போவதற்குப் பொதுப் பாதையில் காரணம் இல்லை.

எல்லாம் பூட்டியதும் பெட்டைப் பதப்படுத்தவேண்டும். மட்டமான, ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் 60 கிலோமீற்றரிலிருந்து 10 வரை பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஆறவிட்டுக் குறையுங்கள். முழுதாக நிறுத்திப் பெடலைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், சூடான பெட் டிஸ்க்கில் அச்சுப் பதித்துவிடும். பிறகு ஒரு சிறிய இறக்கம் மூன்றாம் கியரில் இறங்கி வந்து, லேசர் வெப்பமானியால் இரண்டு முன் டிஸ்க்கையும் அளவிடுங்கள். இரண்டுக்கும் 30 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடு கூடிய பக்கத்தின் ஸ்லைட் பின்னையும், குறைந்த பக்கத்தின் எயாரையும் மறுபடி பாருங்கள். இரண்டும் சமமாக வந்தால் 500 கிலோமீற்றர் ஓடியபின் வீலைக் கழற்றி, ஹோஸ் போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் தாளால் ஒற்றி எடுங்கள். தாள் உலர்ந்தே வந்தால் வாஷர் சரியாக அமர்ந்திருக்கிறது.